இணையத்தில் வாங்கிய பொருள் சேதமடைந்து வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வணிக நிறுவனத்திடமிருந்து இணையம் வழியாக வாங்கிய பொருள் உடைந்தோ, நசுங்கியோ, கசிந்தோ, நனைந்தோ வந்து சேர்ந்தால் வாங்கியவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதை இந்தப் பக்கம் விளக்குகிறது. பொருள் வரவே இல்லை என்பதும், கேட்டதை விட்டு வேறொன்று வந்தது என்பதும் இதற்கு நெருங்கிய சிக்கல்கள்தாம். ஆனால் அவற்றுக்கு வேண்டிய சான்றுகள் வேறு என்பதால் இங்கே சேர்க்கப்படவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், ஒரு விதியைச் சொல்லும்போதெல்லாம் அது எந்த நாட்டுக்குரியது என்பதும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

பொருள் வழியில் உடைந்தால் பொறுப்பு யாருடையது? விற்றவருடையதா, கூரியருடையதா, என்னுடையதா?

பொருள் உங்கள் கைக்கு வந்து சேரும்வரை அதற்கு நேரும் சேதம் விற்றவரைச் சேர்ந்தது என்பதே பல நாட்டு நுகர்வோர் சட்டங்களின் நிலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் நெறிமுறையும், பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவும் இதை ஏறக்குறைய ஒரே சொற்களில் கூறுகின்றன: வாங்கியவரோ, அவர் குறிப்பிட்டுச் சொன்ன வேறொருவரோ பொருளைக் கையில் பெறும்வரை இடர்ப் பொறுப்பு விற்றவரிடமே இருக்கிறது. கூரியர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தவரும், அதனோடு ஒப்பந்தம் செய்தவரும், பெட்டியைக் கட்டியவரும் விற்றவர்தான் என்பதால் இந்த ஏற்பாடு நியாயமானதும்கூட. ஆகவே ‘எங்களிடமிருந்து நல்ல நிலையில்தான் புறப்பட்டது, கூரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்ற பதில் வந்தால், அவர்கள் இருவரும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கை உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று பொருள். கூரியரோடு உங்களுக்கு ஒப்பந்தமே கிடையாது. நீங்கள் அங்கே போய் நின்றால், ‘அனுப்பியவர்தான் புகார் கொடுக்க வேண்டும்’ என்று பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதற்கு இரண்டு விலக்குகளை நினைவில் கொள்ள வேண்டும். விற்றவர் முன்வைத்த அனுப்பும் வழிகளை விட்டுவிட்டு நீங்களே ஒரு கூரியரை அமர்த்தியிருந்தால், அந்தக் கூரியரின் கையில் பொருள் ஒப்படைக்கப்பட்ட அந்த நேரத்திலேயே இடர் உங்களுடையதாகிவிடும். அதைப் போலவே, ‘பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்’ என்று நீங்களே குறிப்பிட்டிருந்தால், பக்கத்து வீட்டார் வாங்கியதும் நீங்கள் வாங்கியதாகவே கொள்ளப்படும். நீங்கள் சொல்லாமல் கூரியர் தானாக அங்கே வைத்துவிட்டுப் போனது வேறு கதை.

அமெரிக்காவில் நிலைமை சற்று மாறுபட்டது. அங்குள்ள மாநிலங்கள் ஏறத்தாழ எல்லாமே ஏற்றுள்ள சீரான வணிகச் சட்டத் தொகுப்பின்படி, ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, கூரியரிடம் ஒப்படைக்கும்போதே இடர் வாங்கியவருக்கு மாறக்கூடும். அதனால் அங்கே விற்றவரின் சொந்த வாக்குறுதிகளும், கடன் அட்டை தரும் பாதுகாப்பும் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

‘உடையக்கூடியது’ என்று ஒட்டியிருந்தோம் என்கிறார் விற்றவர். அது அவரைக் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. மதுக்கோப்பை, குடை, மேல்நோக்கிய அம்புகள் ஆகிய குறியீடுகள் ஐஎஸ்ஓ 780 என்ற சர்வதேசத் தரநிலையில் வரையறுக்கப்பட்டவை. அவை பெட்டியைக் கையாளும் மனிதருக்கு விடுக்கப்படும் வேண்டுகோள்கள் மட்டுமே. பார்சல்களைப் பிரிக்கும் இயந்திரப் பட்டைகள் குறியீட்டைப் பார்த்து நிதானிப்பதில்லை. பெட்டி விழும், உருளும், மற்றவற்றின் அடியில் நசுங்கும் என்பதை முன்னரே எதிர்பார்த்துப் பொதிவதுதான் விற்பவரின் வேலை. சிப்பமிடுதலைச் சோதிக்கும் முறைகளில் பெட்டியைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து பல பக்கங்களிலும் விளிம்புகளிலும் விழவைத்துப் பார்ப்பது வழக்கமானதே இதனால்தான்.

பெட்டியைப் பார்த்தாலே நசுங்கியிருக்கிறது. வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாமா?

அனுப்பலாம், ஆனால் எப்போதும் அதுவே சிறந்த வழி என்று சொல்ல முடியாது. உள்ளேயிருந்து திரவம் ஒழுகுகிறது, கண்ணாடி நொறுங்கும் ஓசை கேட்கிறது, பெட்டி பிளந்து கிடக்கிறது என்றால் மறுத்துவிடுவதே நல்லது. அப்போதும், கூரியர் ஊழியர் கிளம்புவதற்குள் பெட்டியையும் அதன் முகவரிச் சீட்டையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஏன் மறுத்தீர்கள் என்பதை அன்றே விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் அவரது பதிவில் ‘வாடிக்கையாளர் ஏற்க மறுத்தார்’ என்ற ஒரு வரி மட்டுமே இருக்கும். அது மனம் மாறித் திருப்பி அனுப்பியதாகக் கணக்கிடப்பட்டு, போக்குவரத்துச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும் நிலையும் வரலாம். மூலை மட்டும் மடங்கிய பெட்டி போன்ற ஐயத்துக்கிடமான நேர்வுகளில், வாங்கி வைத்துக்கொண்டு ஆதாரங்களைச் சேர்ப்பதே எங்கள் பரிந்துரை. பொருள் உங்களிடம் இருக்கும்வரை சான்றும் உங்களிடம் இருக்கிறது.

‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி உரிமை இல்லையா?

இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போட்டவர் பார்த்திருக்க முடியாது. பெட்டி வந்து சேர்ந்தது என்பதற்கே அந்தக் கையெழுத்து சான்று. சரக்குப் போக்குவரத்துச் சட்டமே வெளியில் தெரியும் சேதத்தையும் உள்ளே மறைந்திருக்கும் சேதத்தையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. ஆயினும் தாளில் கையெழுத்திடும்போது இடமிருந்தால் ‘பெட்டி நசுங்கியுள்ளது, உள்ளே பார்க்கப்படவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். கையடக்கத் திரையில் விரலால் கிறுக்கச் சொல்லும் இடங்களில் இதற்கு வழியில்லை. அங்கே ஒரு படம் எடுத்துவிட்டால் போதும்.

என்னென்ன படங்கள் வேண்டும்? பெட்டியைத் திறக்கும் காணொளி இல்லாவிட்டால் புகாரை ஏற்க மாட்டோம் என்கிறார்களே?

முதலில் பெட்டியின் ஆறு பக்கங்களையும், முகவரிச் சீட்டையும், கண்காணிப்பு எண்ணையும் எடுங்கள். அடுத்ததாக, திறந்தவுடன், பொருளை வெளியே எடுக்கும் முன்பே, அது உள்ளே இருந்த கோலத்தை எடுங்கள். பலரும் தவறவிடுவது இந்தப் படத்தைத்தான். காற்றுக்குமிழி உறை ஒரு சுற்றுத்தான் இருந்தது, ஒரு பக்கத்தில் அணைப்பே இல்லை, பெட்டி பொருளைவிட மிகப் பெரியதாக இருந்தது என்பனவற்றையெல்லாம் பின்னால் வேறெதைக் கொண்டும் நிறுவ முடியாது. அதன்பின் சேதத்தை அருகிலிருந்து ஒன்றும், முழுப் பொருளும் தெரியும்படி தள்ளி நின்று ஒன்றும் எடுங்கள். அருகிலிருந்து எடுத்த விரிசலின் படம் மட்டும் இருந்தால், அது எந்தப் பொருளின் விரிசல் என்று கேட்க இடமுண்டு. மின்னணுப் பொருளானால் வரிசை எண்ணையும், கைப்பேசியானால் அதன் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணையும், பெட்டியில் ஒன்றும் கருவியில் ஒன்றுமாகப் படமெடுங்கள். படங்களின் மூலக் கோப்புகளை அப்படியே வைத்திருங்கள். செயலிகள் வழியாக அனுப்பும்போது படம் சுருங்கி, எடுத்த நேரம் பற்றிய தகவலும் அழிந்துபோவதுண்டு.

காணொளியைப் பொறுத்தவரை, அது நல்ல சான்று. ஆனால் உரிமை கோருவதற்கு அதுவே முன்நிபந்தனை என்று இந்தப் பக்கத்தில் குறிப்பிடப்படும் நுகர்வோர் சட்டங்கள் எதுவும் சொல்லவில்லை. விற்பவர் தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட விதி அது. காணொளி இல்லாதவர்கள் அந்த மறுப்போடு அடங்கிவிடாமல், இருக்கும் படங்களோடு, வாங்கிய விற்பனைத் தளத்திடமோ வங்கியிடமோ போகலாம். எடுப்பதானால், முகவரிச் சீட்டும் ஒட்டுநாடா பிரிக்கப்படாத பெட்டியும் தெரியத் தொடங்கி, பொருளின் சேதம் தெரியும்வரை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். இடையில் வெட்டிய காணொளி இல்லாத காணொளியைவிட மோசமாகச் சில சமயம் வேலை செய்யும். வெட்டிய இடத்தில் என்ன நடந்தது என்ற கேள்வியை அதுவே எழுப்பிவிடுகிறது.

பெட்டியையும் உள் அணைப்புகளையும் பிரச்சினை தீரும்வரை தூக்கி எறியக் கூடாது. கூரியர் ஆய்வாளர் நேரில் பார்க்க வரக்கூடும். திருப்பி அனுப்பவும் அதே பெட்டி தேவைப்படலாம்.

எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்?

ஒரே சேதத்துக்குப் பல கெடுக்கள் உண்டு. அவை ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. வாங்கியவர்கள் பெரும்பாலும் தோற்பது நியாயத்தில் அல்ல, இந்த நாள் கணக்கில்தான்.

மிகக் குறுகிய கெடு விற்பவர் விதிப்பது: 24 மணி நேரம், 48 மணி நேரம், 7 நாள் என்று இருக்கும். இதன் பின்னணி என்னவென்றால், அவரும் தம் சரக்குப் போக்குவரத்தாளரிடம் இழப்பீடு கேட்க வேண்டியிருக்கிறது, அங்கேயும் கெடு உண்டு. எல்லை தாண்டும் சாலைச் சரக்குகளுக்கான 1956ஆம் ஆண்டு சிஎம்ஆர் உடன்படிக்கை, வெளியில் தெரியாத சேதத்தை 7 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. விமானச் சரக்குகளுக்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை 14 நாள் தருகிறது. ஆனால் விற்பவருக்கும் கூரியருக்கும் இடையிலான கெடு, சட்டம் உங்களுக்குத் தந்த உரிமையைச் சுருக்கிவிடாது. பிரிட்டனில் குறையுள்ள பொருளை மறுத்து முழுப் பணத்தையும் கேட்க 30 நாள் உண்டு. 48 மணி நேரம் கடந்துவிட்டது என்று சொல்லி விற்பவர் அதை இல்லாததாக்க முடியாது.

தளங்களின் கெடு தனி. ஈபேயின் பணம் திரும்பத் தரும் உத்தரவாதத்தில் டெலிவரி நாளிலிருந்தோ, எதிர்பார்க்கப்பட்ட கடைசி டெலிவரி நாளிலிருந்தோ 30 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். அமேசானில் மூன்றாம் தரப்பினர் விற்கும் பொருள்களுக்கான ஏ-டு-இசட் உத்தரவாதத்துக்கு, எதிர்பார்க்கப்பட்ட கடைசி டெலிவரி நாளிலிருந்து 90 நாள் உண்டு. இணையவழிப் பணம் செலுத்தும் சேவையான பேபாலில், பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறைத் திறக்கலாம். ஆனால் திறந்த 20 நாளுக்குள் அதை முறையான கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் அது தானாக மூடப்பட்டுவிடும், மூடியது மூடியதுதான். அட்டையில் செலுத்திய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்க, அட்டை வலையமைப்புகளான விசாவும் மாஸ்டர்கார்டும் பொதுவாக 120 நாள் கெடு தருகின்றன.

இத்தனையையும் மனப்பாடம் செய்வதைவிட எளிய வழி, பொருள் இப்போதைக்குத் தேவையில்லாவிட்டாலும் வந்த அன்றே பெட்டியைத் திறந்து பார்ப்பதும், சேதம் தெரிந்தால் அன்றே எழுதுவதும்தான்.

விற்றவருக்கு எப்படி எழுதுவது?

தொலைபேசியில் பேசலாம், ஆனால் பேசியதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே எழுதுங்கள்; தளத்துக்கு வெளியே நடந்த உரையாடலைத் தளம் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் போகலாம். கோபத்தைக் கொட்டும் நீண்ட கடிதம் தேவையில்லை. இவ்வளவு போதும்:

‘இந்த எண்ணுள்ள ஆர்டர் இன்ன தேதியில் வந்து சேர்ந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே பொருளின் முன்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. ஏழு படங்களை இணைத்துள்ளேன். பொருளை இதுவரை பயன்படுத்தவில்லை. முழுத் தொகையையும், நான் செலுத்திய அனுப்புகைக் கட்டணத்தையும், பணம் செலுத்திய அதே வழியில் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டுமானால் அதற்கான முன்கட்டணச் சீட்டை அனுப்புங்கள். இன்ன தேதிக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.’

என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் ‘உடைந்து வந்திருக்கிறது, என்ன செய்வது?’ என்று மட்டும் கேட்டால், தீர்வைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நீங்களே விற்றவரிடம் ஒப்படைத்துவிடுகிறீர்கள்.

மாற்றுப் பொருளா, பழுதுபார்ப்பா, பணமா: தேர்ந்தெடுப்பவர் யார்?

நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் முதல் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்பது வாங்கியவரின் நேரடி உரிமை. விற்றவர் ஒப்புக்கொண்டதிலிருந்து 14 நாளுக்குள், செலுத்திய அதே வழியில், அவர் தந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பொருள் விற்பனை நெறிமுறைப்படி, பொதுவாக முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது முடியாதபோதோ குறை மிகக் கடுமையானதாக இருக்கும்போதோ விலைக் குறைப்பு அல்லது பணம் என்று படிப்படியாகப் போக வேண்டும். ஆனால் அங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது: இணையத்தில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பும் உரிமை தனியாக உள்ளது. சேதம் முதல் இரண்டு வாரத்தில் தெரிந்தால் இந்த வழியிலும் பணத்தைப் பெறலாம். ஆயினும் இதில் திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவர் தலையில் விழக்கூடும் என்பதால், ‘மனம் மாறிவிட்டது’ என்ற பொத்தானை அழுத்தாமல் ‘சேதமடைந்து வந்தது’ என்பதைத் தேர்ந்தெடுப்பதே பொதுவாக லாபம்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன.

கடையின் கணக்கில் வரவு வைக்கிறோம், அடுத்த முறை கழித்துக்கொள்ளுங்கள் என்ற வாக்குறுதியைப் பணத்துக்குச் சமமாக எண்ண வேண்டாம். அந்தக் கடையே நாளை மூடிவிட்டால் அந்த வரவும் அதோடு போய்விடும்.

‘பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பகுதிப் பணம் தருகிறோம்’ என்கிறார்கள். ஏற்கலாமா?

பொருள் முழுமையாக வேலை செய்து, சேதம் தோற்றத்தோடு நிற்கிறது என்றால் இது இரு தரப்புக்கும் வசதியான முடிவு. ஒரு கீறலுக்காகக் கனமான மரச்சாமானைத் திருப்பி அனுப்புவது யாருக்கும் பயனற்றது. முதலில் தரப்படும் தொகை பெரும்பாலும் பேரத்தின் தொடக்கம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தக் குறையைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும், அதே நிலையிலுள்ள பொருளை என்ன விலைக்கு வாங்கியிருப்பீர்கள் என்ற இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மின்சாரத்தில் இயங்கும் பொருள், தலைக்கவசம், குழந்தைகளுக்கான வாகன இருக்கை ஆகியவற்றில் பகுதிப் பணத்தை ஏற்கவே வேண்டாம். வெளியில் சிறிதாகத் தெரியும் அடி உள்ளே எதைக் கெடுத்திருக்கிறது என்பது விற்றவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

‘முதலில் புகாரை மூடுங்கள், பிறகு பணம் அனுப்புகிறோம்’ என்று எவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். மூடிய புகாரைப் பல தளங்களில் மீண்டும் திறக்க முடியாது.

திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சேதம் விற்றவரின் பொறுப்பு என்றால் அதைத் திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் அவருடையதே. அவர் தரும் முன்கட்டணச் சீட்டைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு; அதில் கண்காணிப்பு எண் இருக்கும், வழியில் மேலும் உடைந்தால் கேள்வி உங்களிடம் வராது. நீங்களே செலவு செய்து அனுப்ப நேர்ந்தால், கண்காணிப்பு எண் இல்லாத சாதாரண அஞ்சலில் அனுப்பாதீர்கள். பொதியும்போதும் படமெடுங்கள், எடை குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ‘வெறும் பெட்டிதான் வந்தது’ என்று பின்னால் சொல்லப்படும்போது அந்த எடைதான் உங்களுக்குப் பேசும். விற்றவர் தந்த முகவரி ஆர்டர் பக்கத்தில் உள்ள முகவரியிலிருந்து வேறுபட்டால், தளத்திடம் உறுதிசெய்துகொண்ட பிறகே அனுப்புங்கள்.

பேட்டரி வீங்கியோ நசுங்கியோ வந்திருக்கிறது. அதையும் பார்சலில் திருப்பி அனுப்பலாமா?

கூடாது. சேதமடைந்த லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் குறுஞ்சுற்றாகித் தீப்பிடிக்கலாம்; தீயாகும் அபாயமுள்ள, சேதமடைந்த லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றுவது சர்வதேச விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. மின்னேற்றம் செய்து பார்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், படுக்கைக்கும் துணிகளுக்கும் அருகில் வைக்காதீர்கள். விற்றவருக்குப் படத்தோடு எழுதி, இது சாதாரண பார்சலில் அனுப்ப முடியாதது என்பதைக் குறிப்பிட்டு, எடுத்துச்செல்ல அவரே ஏற்பாடு செய்யட்டும் என்று கேளுங்கள். ‘திருப்பி அனுப்பினால்தான் பணம்’ என்று அவர் நின்றால், அந்தப் பதிலையே தளத்துக்கு அனுப்பிவையுங்கள்.

தள்ளுபடியில் வாங்கியது, பெயர் பொறித்து வாங்கியது ஆகியவற்றைத் திருப்ப முடியாது என்கிறார்களே?

இங்கே இரண்டு உரிமைகள் குழப்பப்படுகின்றன. பிடிக்கவில்லை என்று திருப்புவது ஒன்று, குறையோடு வந்ததால் திருப்புவது மற்றொன்று. பெயர் பொறித்த பொருளுக்கு ஐரோப்பாவின் 14 நாள் உரிமை கிடையாது என்பது உண்மை. ஆனால் அது உடைந்து வந்தால் அதற்கான தீர்வு அப்படியே இருக்கிறது. ‘விற்றது விற்றதுதான்’ என்ற வாசகம் முதல் வகையைத்தான் தடுக்கும்.

நாங்கள் வெறும் இடைத்தளம்தான், விற்றவரிடம் பேசுங்கள் என்று தளம் சொல்கிறது. சரியா?

ஒப்பந்தம் விற்றவரோடு என்பது பொதுவாகச் சரி. ஆனால் தளத்துக்குத் தனிக் கடமைகள் உண்டு. மேலே சொன்ன இந்திய விதிகளின்படி, தளம் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தளமே அறிவித்துள்ள உத்தரவாதம் இருந்தால் அது தளம் தந்த வாக்கு. விற்றவரைக் காட்டி அதிலிருந்து நழுவ முடியாது. பெரும்பாலான தளங்களில் முதலில் விற்றவருக்குப் பதிலளிக்க அவகாசம் தர வேண்டும்: ஈபேயில் அது 3 வேலைநாள், அமேசானில் 48 மணி நேரம். அவகாசம் முடிந்ததும் தளத்தை உள்ளே இழுக்கும் பொத்தானை அழுத்த வேண்டியது உங்கள் வேலை. அது தானாக நடப்பதில்லை.

வங்கி வழியாகப் பணத்தை மீட்பது எப்படி?

அட்டையில் செலுத்தியிருந்தால் சார்ஜ்பேக் என்ற வழி இருக்கிறது. இது பெரும்பாலான நாடுகளில் சட்டமன்று, அட்டை வலையமைப்பின் விதி. கடன் அட்டைக்கும் டெபிட் அட்டைக்கும் பொருந்தும். நீங்கள் உங்கள் வங்கியில் முறையிட்டால், அது வலையமைப்பு வழியாக விற்றவரின் வங்கியிடமிருந்து தொகையைத் திரும்பக் கேட்கும். விற்றவர் எதிர்ப்புத் தெரிவித்துத் தம் ஆதாரங்களை அனுப்பலாம். அப்போது உங்கள் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்கப்பட்ட தொகை மீண்டும் எடுக்கப்படவும் கூடும்.

வங்கியில் காரணம் கேட்கும்போது சொல்லும் சொல் முக்கியம். ‘இந்தப் பரிமாற்றத்தை நான் செய்யவில்லை’ என்பது மோசடிக்கான வகை. அதை உண்மைக்கு மாறாகத் தேர்ந்தெடுத்தால் கோரிக்கை தோற்பதோடு அட்டையும் முடக்கப்படும். உங்களுடையது ‘பொருள் விவரித்தபடி இல்லை அல்லது குறையுள்ளது’ என்ற வகை. இதில் வங்கி இரண்டு விஷயங்களைத் தேடும்: விற்றவரோடு பேசித் தீர்க்க முயன்றீர்களா, பொருளைத் திருப்பி அனுப்பினீர்களா அல்லது அனுப்ப முன்வந்தீர்களா. முன் சொன்ன கடிதத்தில் திருப்பி அனுப்பும் சீட்டைக் கேட்கும் வரியைச் சேர்த்தது இதற்காகத்தான்.

சில நாடுகளில் சட்டமே துணை நிற்கிறது. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கியிருந்தால், விற்றவரோடு அட்டை நிறுவனத்தையும் கூட்டுப் பொறுப்பாளியாக்குகிறது. சார்ஜ்பேக் கெடு முடிந்த பிறகும் இது பயன்படும். அமெரிக்காவில் அதே 1974இல் வந்த நியாயமான கடன் பட்டியல் சட்டப்படி, தவறான பட்டியல் (பில்) அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அட்டை நிறுவனம் 30 நாளுக்குள் பெற்றதை உறுதிசெய்து, அதிகபட்சம் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

விற்றவர் ‘அடுத்த வாரம் நிச்சயம்’ என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டே இருந்தால், அவர் கெடு முடிவதற்காகக் காத்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தளத்திலும் வங்கியிலும் ஒரே நேரத்தில் புகார் கொடுக்கலாமா?

வேண்டாம். வங்கியில் தகராறு திறக்கப்பட்டது தெரிந்ததும் பல தளங்கள் தம்மிடமுள்ள புகாரை மூடிவிடும். முதலில் தளம், அது மறுத்தால் வங்கி என்ற வரிசையில் போங்கள். வங்கியின் கெடுவை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் செலுத்தியிருந்தால்?

சார்ஜ்பேக் கிடையாது, விற்றவரின் மனமும் சட்டமும்தான் வழி. பேபாலில் ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வகையில் அனுப்பிய பணத்துக்கும் வாங்குவோர் பாதுகாப்பு இல்லை. கட்டணம் மிச்சம் என்று சொல்லி அந்த வழியில் அனுப்பச் சொல்பவரிடம் வாங்காமல் இருப்பதே நலம்.

விற்றவர் வேறு நாட்டில் இருக்கிறார். என்ன செய்ய முடியும்?

சட்டப்படி உங்களுக்கு உரிமை இருந்தாலும், வேறு நாட்டில் இருப்பவர்மேல் தீர்ப்பை நிறைவேற்றுவது பெரும்பாடு. ஆகவே இங்கே தளத்தின் உத்தரவாதமும் அட்டையும்தான் உண்மையான பாதுகாப்பு. ஐரோப்பிய ஒன்றியம் நடத்திவந்த இணையவழித் தகராறு தீர்வுத் தளம் 2025 ஜூலை 20இல் மூடப்பட்டுவிட்டது. பழைய விற்பனை நிபந்தனைகளில் அதன் இணைப்பு இன்னும் காணப்பட்டால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இறக்குமதி வரி செலுத்தியிருந்தால், பொருளைத் திருப்பி அனுப்பும்போது அதைத் திரும்பப் பெற வழியுண்டா என்று சுங்கத் துறையிடம் அனுப்புவதற்கு முன்பே கேளுங்கள். அனுப்பிய பிறகு கேட்டால் ஏற்றுமதிச் சான்று இல்லாமல் போகும்.

தனிநபரிடம் வாங்கிய பழைய பொருள் உடைந்து வந்தால்?

நுகர்வோர் சட்டங்கள் பெரும்பாலும் வணிகரிடம் வாங்கியதற்கே பொருந்தும். தனிநபர் விற்பனையில் தளத்தின் பாதுகாப்புத் திட்டம் இருந்தால் அதுவே முதல் வழி.

வேறொருவருக்குப் பரிசாக அனுப்பியது உடைந்துவிட்டது. யார் புகார் கொடுப்பது?

வாங்கியவர்தான். பெற்றவர் படங்களை எடுத்து அனுப்பினால் போதும். பிறந்தநாள் வரை பிரிக்காமல் வைத்திருக்கும் வழக்கத்தால் கெடு முடிந்துபோவது இங்கே அடிக்கடி நடப்பது. வந்ததுமே ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சில வாரம் பயன்படுத்திய பிறகு கோளாறு தெரிகிறது. வழியில் பட்ட அடிதான் காரணம் என்று நான் நிறுவ வேண்டுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் ஓராண்டுக்குள் தெரியவரும் குறை, பொருள் கைக்கு வந்தபோதே இருந்தது என்று அனுமானிக்கப்படும். இல்லையென்று நிறுவ வேண்டியவர் விற்றவர். பிரிட்டனில் இது 6 மாதம். ஆனால் முதல் 30 நாளில் பொருளையே மறுத்துப் பணம் கேட்பவருக்கு இந்த அனுமானம் உதவாது. இப்படிப்பட்ட விதி இல்லாத இடங்களில், அன்று எடுத்த நசுங்கிய பெட்டியின் படமே உங்கள் பக்கம் நிற்கும் ஒரே சாட்சி. உள்ளே பொருள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், நசுங்கிய பெட்டியைப் படமெடுத்து விற்றவருக்கு ஒரு வரி எழுதி வைப்பது இதனால் வீண்போகாது.

எல்லோரும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் எங்கே போவது?

வழக்கறிஞர் இல்லாமல் போகக்கூடிய மன்றங்கள் பல நாடுகளில் உள்ளன. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தால் சில நேர்வுகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. சிங்கப்பூரின் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயங்களில் வழக்கறிஞர்கள் வாதாடவே அனுமதி இல்லை. மலேசியாவில் 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயம் இருக்கிறது.

மன்றத்துக்குப் போகும் முன், 14 நாள் போன்ற ஒரு தெளிவான அவகாசம் குறித்து, அதற்குள் தீர்க்காவிட்டால் எந்த மன்றத்தில் முறையிடப் போகிறீர்கள் என்பதையும் எழுதிக் கடைசிக் கடிதம் ஒன்றை அனுப்புங்கள். அதில் ஆர்டர் எண், டெலிவரி நாள், நீங்கள் முதலில் புகார் செய்த நாள், அவர்கள் தந்த ஒவ்வொரு பதிலின் நாள் ஆகியவை வரிசையாக இருக்கட்டும். வாடிக்கையாளர் சேவையில் மாதக்கணக்கில் அசையாத கோப்பு, இந்தக் கடிதம் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குப் போனதும் அசைவதுண்டு; அங்கே இருப்பவர்களுக்கு ஓர் உடைந்த பொருளின் விலை எவ்வளவு, மன்றத்தில் ஒரு நாள் நிற்பதன் செலவு எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரியும்.